கீரிப்பாறையில் ஈரம் அளந்த ஷாஜன்

ஷாஜனுக்கு அந்த வேலை கிடைத்தபோது, அது என்ன வேலை என்று அப்பாவுக்குச் சொல்லிப் புரியவைக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முழுவதும் பிடித்தது.

"காத்துல எவ்வளவு வெள்ளம் கெடக்குன்னு பாக்கணும்ப்பா. ஈரப்பதம்னு சொல்லுவாங்க."

"காத்துலயா வெள்ளம்?"

"ஆமா. தண்ணி ஆவியாக் கெடக்கும். அதை அளக்க இத்தினிக்கோண்டு சென்சார் வருது. வெலையும் கொறவு. ஆனா அதைக் கடற்கரையிலயும் மலையிலயும் கொண்டு வச்சா நேராச் சொல்லுமா, பொய் சொல்லுமான்னு யாருக்கும் தெரியாது. அதைக் கண்டுபிடிக்கதுதான் வேலை."

அப்பா செல்வதாஸ் அவித்த மரச்சீனிக் கிழங்கைப் பிட்டு மீன்குழம்பில் தோய்த்தபடி யோசித்தார். பிறகு கொடியில் கிடந்த தன் சட்டையைக் காட்டினார்.

"அதுக்கு மிசின் எதுக்குலே? அந்தச் சட்டை வியாழக்கிழமை தொவச்சது. இன்னும் காயல்ல. இதை எழுதிக் கொடு."

அடுப்படியில் நின்ற அம்மா நேசம்மாள் சிரித்தாள்.

கீரிப்பாறை அரசு ரப்பர் தோட்டத்தில் செல்வதாஸ் பால்வெட்டுத் தொழிலாளி. விடியும் முன்பே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரங்களுக்குள் போய்விடுவார். வெட்டி முடித்து, சிரட்டைகளில் வடிந்த பாலை வாளியில் சேர்த்து, கொட்டகையில் கொண்டு ஊற்றிவிட்டு வீட்டுக்கு வரும்போது மத்தியானம் ஆகிவிடும். அவருக்குப் பேச்சு குறைவு. மகனோடு இன்னும் குறைவு. ஷாஜன் தடிக்காரன்கோணத்தில் பள்ளிக்கூடம் படித்து, நாகர்கோவிலில் எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்து, வடசேரியில் ஒரு செல்போன் ரிப்பேர் கடையில் சில வருடங்கள் குனிந்தே உட்கார்ந்திருந்தவன். வாரம் ஒருமுறை தோட்டத்து பஸ்ஸில் ஊருக்கு வருவான். "சாப்பிட்டியா?" "ஆங்." "மழை உண்டா அங்க?" "இல்ல." அப்பாவுக்கும் மகனுக்கும் அதோடு தீர்ந்துவிடும்.

வேலை கொடுத்தவர் ஜெயபாய் மேடம். நாகர்கோவிலுக்கு வெளியே உள்ள ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் இயற்பியல் பேராசிரியை. ஐம்பதைத் தாண்டியவர், சாக்பீஸ் பட்ட விரல்களைச் சேலையில் துடைத்துக்கொண்டே பேசுவார். 2012-இல் அவருக்கு ஒரு சிறிய ஆராய்ச்சித் திட்டம் கிடைத்தது. ரப்பர் ஷீட் உலர்த்தும் சிறு விவசாயிகளுக்கும், கருவாடு போடும் பெண்களுக்கும், பள்ளிக்கூடங்களுக்கும் கொடுக்கக்கூடிய மலிவான வானிலைப் பெட்டி ஒன்றைச் செய்ய வேண்டும் என்பது அவர் ஆசை. அதற்கு முதலில் மலிவான சென்சார்கள் மோசமான காற்றில் தாக்குப்பிடிக்குமா என்று பார்க்க வேண்டும்.

"நம்ம மாவட்டத்துல எல்லா மோசமும் பக்கத்துல பக்கத்துல இருக்குது ஷாஜன்" என்றார் முதல் நாள். "தேங்காய்ப்பட்டணத்துல உப்புக்காத்து. ஆரல்வாய்மொழியில காய வைக்குற காத்து. கீரிப்பாறையில மழை. ஒரே நாள்ல மூணுக்கும் பஸ்ல போயிட்டு வந்துரலாம். வேற எங்க கிடைக்கும்?"

ஆய்வகத்தில் செய்யும் சோதனை ஷாஜனுக்குப் பிடித்திருந்தது. மூடி இறுகிய கண்ணாடிப் பாட்டிலின் அடியில் சாதாரணச் சமையல் உப்பைக் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழைத்து வைத்தால், உள்ளே இருக்கும் காற்றின் ஈரப்பதம் எழுபத்தைந்து சதவீதத்தில் வந்து நின்றுவிடும். வேறு உப்பைப் போட்டால் வேறு அளவு. சென்சாரை உள்ளே தொங்கவிட்டு, மூடியை மூடி, காத்திருக்க வேண்டும். ஒன்று எழுபத்து மூன்று காட்டும். இன்னொன்று எண்பத்தொன்று காட்டும். ஒவ்வொன்றின் முதுகிலும் எண் எழுதி, எது எவ்வளவு தப்பு என்று குறித்துக்கொள்வான். ஒரே அட்டையில் வந்த ஒரே வகைச் சென்சார்கள் இப்படி ஆளுக்கொரு குணமாக இருப்பதைப் பார்க்க அவனுக்கு வேடிக்கையாக இருந்தது.

வெளியே கொண்டுபோனதும் வேடிக்கை போய்விட்டது.

தேங்காய்ப்பட்டணத்தில் குளோரி என்ற கருவாட்டு வியாபாரியின் சுனாமிக் குடியிருப்பு வீட்டு மொட்டைமாடியில் பெட்டியை வைத்தார்கள். கவிழ்த்து அடுக்கிய வெள்ளைப் பிளாஸ்டிக் தட்டுகள், அவற்றுக்குள்ளே சென்சார்கள், அடியில் பாட்டரியும் மெமரி கார்டும் உள்ள சிறு பெட்டி. குளோரி ஏணியில் ஏறி வந்து பார்த்தாள்.

"ஏலே, இந்தக் காத்துல எங்க ஜன்னல் கம்பியே உளுத்து விழுது. இந்தத் தீப்பெட்டி நிக்குமா?"

"நிக்குமான்னு பாக்கத்தான் வச்சிருக்கு அக்கா."

"நிக்காது, நான் இப்பவே சொல்லியாச்சு" என்று சிரித்துக்கொண்டே இறங்கிப் போனாள்.

நிற்கவில்லை. சில வாரங்களிலேயே சென்சார்களின் கால்களில் பச்சை பூத்தது. ஒன்று எந்த நேரமும் நூறு காட்டியது. ஒன்று பகலில் சரியாகவும் இரவில் பைத்தியமாகவும் காட்டியது. அடுத்த மாதம் பெட்டியின் கதவு சரியாக மூடாததால் மழை உள்ளே இறங்கி, மெமரி கார்டில் இருந்ததெல்லாம் போயிற்று. ஜெயபாய் மேடம் திட்டவில்லை. கார்டைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இனி கதவுக் கிளிப்பை ரெண்டு தடவை பாரு ஷாஜன்" என்று மட்டும் சொன்னார். அந்தச் சொல் அவன் மனசில் தைத்துக்கொண்டது. அதற்குப் பிறகு எந்தப் பெட்டியை விட்டு வந்தாலும் பாதி வழியில் அவனுக்குச் சந்தேகம் வரும்.

கீரிப்பாறையில் பெட்டியை எங்கே வைப்பது என்று தேடியவர் செல்வதாஸ்தான். மேலே மரம் மூடாத வெட்டவெளி வேண்டும் என்று மகன் சொன்னதும், தோட்டத்தில் அனுமதி கேட்டு, குடியிருப்புக்குப் பின்னால் ஏறிப்போகும் ஒற்றையடிப் பாதையில் உள்ள ஒரு வழுக்குப்பாறையைக் காட்டினார். இரும்புக் குழாயைத் தோளில் சுமந்து வந்ததும் அவர்தான். பாறை இடுக்கில் சிமென்ட் குழைத்து நட்டு, அது இறுகும்வரை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் பீடி குடித்தபடி நின்றார்.

அதற்குப் பிறகு அவர்களுக்குள் பேச்சு வந்தது. வீட்டில் சிக்னல் கிடைக்காது; பால் ஊற்றும் கொட்டகையின் மேற்கு மூலையில்தான் கிடைக்கும். அங்கே நின்று செல்வதாஸ் மகனுக்குப் போன் போடுவார்.

"மக்கா, ஒனக்க பெட்டிமேல ஒரு கொரங்கு இருந்துச்சு. கல்லெடுத்து வெரட்டியாச்சு."

"தட்டு வல்லதும் ஒடஞ்சுதாப்பா?"

"இல்ல. பொறவு எட்டுக்கால்பூச்சி கூடு கட்டுது. அதைத் தொடச்சுக் களைஞ்சேன். தொடச்சா கணக்குத் தப்பாயிருமா?"

"ஆவாது. தொடச்சது நல்லது."

"மஞ்சு எறங்கி மலையே தெரியாமக் கெடக்கு இன்னைக்கு. எவ்வளவு இருக்கும்?"

"நூறு இருக்கும்ப்பா."

"நூறா!" என்பார், மகன் பரீட்சையில் வாங்கிய மார்க்கைக் கேட்டதுபோல.

ஷாஜன் ஊருக்கு வரும் நாட்களில் இருவரும் சேர்ந்து மேலே ஏறுவார்கள். ஈரத்துணி சுற்றிய வெப்பமானியும் சும்மா வெப்பமானியும் ஒன்றாகக் கட்டிய கருவியை ஷாஜன் சுழற்றிப் பார்த்துச் சொல்லும் எண்ணை அப்பா திருப்பிச் சொல்லுவார். கீரிப்பாறையின் குறை வேறு மாதிரி. மழையும் மஞ்சும் நாள்கணக்கில் மூடிக் கிடந்தால் சென்சார்கள் முட்டிக்கொண்டு தொண்ணூற்றொன்பதில் நின்றுவிடும். பிறகு வெயில் அடித்தாலும் இறங்காது. பாறை காய்ந்து சுட்டாலும் அவை தொண்ணூற்றொன்பது என்றே சொல்லிக்கொண்டிருக்கும். ஆரல்வாய்மொழியில் அது போன்ற தொந்தரவு இல்லை. அங்கே காற்றாலைகளுக்கு நடுவே தூசி அடைத்து அளவு மெதுவாகக் கீழே நழுவியது.

ஒரு வருடம் இப்படித் தோற்ற பிறகு, ஜெயபாய் மேடம் ஒரு வழி சொன்னார். குழாய் வேலை செய்பவர்கள் மரைக்குச் சுற்றும் வெள்ளை நாடா இருக்கிறதே, அதைப் போன்ற பொருளில் செய்த மெல்லிய உறையைச் சென்சாருக்குப் போட்டால், ஆவி உள்ளே போகும், உப்பும் நீர்த்துளியும் போகாது. பாட்டிலில் போட்டுப் பார்த்தார்கள். கொஞ்சம் தாமதமாகச் சொன்னாலும் சரியாகச் சொன்னது. 2013 சித்திரையில் உறை போட்ட புதிய சென்சார்களை மூன்று இடத்திலும் வைத்தார்கள். அடுத்த சித்திரைவரை, ஒரு முழு வருடம், எல்லா மழையையும் எல்லா வெயிலையும் தாண்டி அவை நின்றால் போதும். திட்டத்தின் அடுத்த கட்டம் கிடைத்துவிடும் என்று மேடம் நம்பினார். ஷாஜனுக்கும் அதோடு வேலை நீளும்.

கீரிப்பாறையில் புதியதை வைத்துவிட்டு வந்ததற்கு மறுநாள் ஷாஜன் ஆரல்வாய்மொழியில் இருந்தான். வானம் வெளுப்பாக இருந்தது. காற்று மட்டும் ஆளைத் தள்ளியது. அங்கே பெட்டியின் கதவை மூடிக் கிளிப்பை அழுத்தும்போது, கீரிப்பாறைப் பெட்டியின் கிளிப்பை அழுத்தினோமா என்ற சந்தேகம் வந்தது. கதவை மூடியது ஞாபகம் இருந்தது. கிளிப் ஞாபகம் இல்லை. அப்பா பால் ஊற்ற வரும் நேரம்தான். போன் போட்டான். கிடைத்தது.

"அப்பா, மேல அந்தப் பெட்டிக்க கிளிப்பு சரியா மாட்டியிருக்கான்னு ஒண்ணு பாத்துருங்க."

"பால் ஊத்திட்டுப் போறேன்."

"செணம் ஒண்ணும் இல்ல, மெதுவாப் போங்க. சாயங்காலத்துக்குள்ள பாத்தா போரும். மழை வந்தா உள்ள எறங்கிரும், அதான்."

"சரி மக்கா. நீ சாப்பிட்டியா?"

"இனிதான்."

மூன்று மணி போல மேற்கே மலைகளின்மேல் கருத்துக்கொண்டு வந்தது. ஆரல்வாய்மொழியில் வெயில்தான். டீக்கடையில் உட்கார்ந்து ஷாஜன் அந்தக் கருப்பைப் பார்த்தான். நல்லவேளை அப்பாவிடம் சொன்னோம் என்றுதான் அப்போது நினைத்தான். அந்த நினைப்பை அவனால் பின்னால் ஒருநாளும் கழற்றிப் போட முடியவில்லை.

பக்கத்து வீட்டு மரியஜான்தான் கூப்பிட்டார். அவரும் பால்வெட்டுகாரர். சத்தம் விட்டுவிட்டு வந்தது. "மக்கா, நீ நேரா நாகர்கோவில் பெரியாஸ்பத்திரிக்கு வந்துரு. அப்பாவக் கொண்டு வாறோம். இடி விழுந்துட்டு." ஷாஜன் எங்கே விழுந்தது என்று கேட்டான். வீட்டிலா, மரத்திலா என்று கேட்டான். "நீ வந்துரு மக்கா" என்று மரியஜான் போனை வைத்தார்.

பாறைக்குப் போகும் பாதையில் ஒரு பெரிய அயனி மரம் உண்டு. இடி அதில்தான் இறங்கியிருந்தது. மரத்தின் உடம்பு மேலிருந்து கீழ்வரை ஒரு கோடாகப் பிளந்து, உள்ளே வெள்ளைக் கட்டை தெரிந்தது. செல்வதாஸ் அதன் அடியில் குப்புறக் கிடந்தார். அவர் மேலே ஏறிக்கொண்டிருந்தாரா, பார்த்துவிட்டு இறங்கிக்கொண்டிருந்தாரா என்று யாருக்கும் தெரியவில்லை. கேட்கவேண்டிய அவசியமும் யாருக்கும் இருக்கவில்லை, ஷாஜனைத் தவிர. தோட்டத்தில் எல்லோரும் அவர் விறகு பொறுக்கப் போனார் என்று எண்ணிக்கொண்டார்கள். போதகரும் ஜெபத்தில் அப்படியே சொன்னார். ஷாஜன் தலையைக் குனிந்து நின்றான். அம்மாவும் ஆமாம் என்று தலையாட்டினாள்.

அடக்கம் முடிந்த அடுத்த நாள் அவன் தனியாக மேலே ஏறினான். கிளிப் சரியாக மாட்டியிருந்தது. அப்பா வந்து மாட்டியதா, தான் வைத்த அன்றே மாட்டியதா? குனிந்து பார்த்தான்; விரலால் தடவிப் பார்த்தான். ஒரு பிளாஸ்டிக் கிளிப்பிலிருந்து என்ன தெரியும்? உள்ளே சிவப்பு விளக்கு சிமிட்டிக்கொண்டிருந்தது. அதன்பின் அங்கேயே உட்கார்ந்து வெகுநேரம் அழுதான்.

ஜெயபாய் மேடம் வீட்டுக்கு வந்தார். நேசம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தார். போகும்போது ஷாஜனை வெளியே கூப்பிட்டு, "அந்தப் பெட்டிய எடுத்துரு. வேற எடம் பாத்துக்கலாம்" என்றார்.

"வேண்டாம் மேடம். இருக்கட்டும். ஒரு வருசம் ஓடணும்லா."

"ஷாஜன், அது பெரிசில்ல."

"இருக்கட்டும் மேடம். அப்பா நட்டது."

அவர் அதற்குமேல் வற்புறுத்தவில்லை. அப்பா பெட்டியைப் பார்க்கத்தான் போனார் என்று அவருக்கும் தெரியாது.

நேசம்மாளுக்குத் தோட்டத்தில் கருணை வேலை கொடுத்தார்கள். களை பறிப்பதும் மரத்தில் உறைந்து நிற்கும் ஒட்டுப்பாலைச் சேர்ப்பதும். அதனால் வீடும் அவளிடமே இருந்தது. ஷாஜன் நாகர்கோவிலுக்கு வந்துவிடச் சொன்னான். "அங்க வந்து நான் என்னத்தச் செய்ய?" என்று கேட்டாள். அவன் தங்கியிருந்தது இரண்டு பேரோடு பங்கு போட்ட ஒரு மாடி அறை.

ஆனி, ஆடி மழையில் கீரிப்பாறை நனைந்து கிடந்தது. ஷாஜன் வாரம் தவறாமல் ஏறினான். உறை போட்ட சென்சார்கள் இந்த முறை இறங்கின. மஞ்சு விலகி வெயில் வந்ததும் தொண்ணூற்றொன்பதிலிருந்து தொண்ணூறு, எண்பது என்று, மெதுவாகத்தான், இறங்கி வந்தன. கார்டைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தபோது ஜெயபாய் மேடம் அவன் தோளைத் தட்டினார். அவன் சந்தோஷப்பட முயன்றான். நூறு என்றால் ஆச்சரியப்படுவதற்கு ஆள் இல்லை.

அவன் மேலே ஏறும் நேரமெல்லாம் நேசம்மாள் பின்வாசலில் நின்றாள். சும்மா நின்றாள். அவன் இறங்கி வந்ததும் உள்ளே போய்ச் சாயாவுக்கு அடுப்பைப் பற்றவைப்பாள். ஆரம்பத்தில் அவன் அதைக் கவனிக்கவில்லை. கவனித்த பிறகு, "நீங்க எதுக்கும்மா இங்க வந்து நிக்கிய? உள்ள இருங்க" என்றான். அவள் "ம்" என்றாள். அடுத்த வாரமும் அங்கேயே நின்றாள். ஒருநாள் வானம் லேசாக உறுமியது. பாறையிலிருந்து திரும்பிப் பார்த்தபோது, அவள் வாசற்படியை விட்டு மழையில் இறங்கி, அயனி மரம்வரை வந்து நின்றுகொண்டிருந்தாள். சேலை உடம்போடு ஒட்டியிருந்தது. அவன் ஓடி வந்து அவள் கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனான்.

ஐப்பசி பிறந்தது. அந்த மாதத்து மழை சாயங்காலங்களில் இடியோடுதான் வரும். ஒரு சனிக்கிழமை ஷாஜன் பஸ் இறங்கி, பையை வீட்டில் வைக்காமலே நேராக மேலே ஏறினான். பாறையில் இரும்புக் குழாய் மட்டும் நின்றது. பெட்டி இல்லை.

குரங்குகள்தான் என்று முதலில் நினைத்தான். கீழே புதர்களில் தேடினான். தட்டு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. இறங்கி வந்தபோது நேசம்மாள் பின்வாசலில் நிற்கவில்லை. உள்ளே தரையில் உட்கார்ந்து மரச்சீனித் தோல் உரித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, மேல பெட்டியக் காணல்ல."

"நான்தான் எடுத்தேன்."

அவன் நின்றுவிட்டான். அவள் கத்தியை வைத்துவிட்டு எழுந்து, அரிசிப் பானைக்குப் பின்னாலிருந்து ஒரு துணிப் பொட்டலத்தை எடுத்து வந்தாள். அப்பா தலை துவட்டும் துவர்த்தில் சுற்றி வைத்திருந்தாள். தட்டு உடையாமல், கம்பி அறாமல், பக்குவமாகவே கழற்றியிருந்தாள். உள்ளே சிவப்பு விளக்கு இன்னும் சிமிட்டிக்கொண்டிருந்தது. அந்த அடுப்படியின் ஈரத்தை அது அளந்துகொண்டிருந்தது.

"எப்ப எடுத்திய?"

"நீ போன வாரம் போன மறுநாளு."

"அம்மா..." என்றான். "இதுக்காக எத்தர மாசம் ஏறி எறங்கியிருக்கேன் தெரியுமா? இடையில ஒரு வாரம் விட்டாலும் கணக்கு போச்சு. சித்திரைவரைக்கும் நின்னா போரும்னு சொன்னேன்லா? ஆறு மாசம் பொறுக்க முடியல்லியா ஒங்களுக்கு?"

நேசம்மாள் அவனைப் பார்த்தாள். குரலை உயர்த்தாமல் சொன்னாள்.

"அன்னைக்கு நீ போன்ல விளிச்சது எனக்குத் தெரியும் மக்கா."

ஷாஜன் தரையில் உட்கார்ந்தான்.

"பால் ஊத்திட்டு வந்து சோறு தின்னாவ. தின்னுட்டு, பய விளிச்சான், பெட்டிக்க கிளிப்பு பாக்கணுமாம்னு சொல்லிட்டுச் சட்டையப் போட்டாவ. நான்தான் சொன்னேன், வானம் ஒரு மாதிரி கெடக்கு, பொறவு போவலாம்னு. மழை வந்தா பயலுக்க வேலை போவும்ட்டின்னு சொல்லிட்டு எறங்குனாவ." துவர்த்தை இழுத்துப் பெட்டியை மூடினாள். "யார்ட்டயும் நான் இதச் சொல்லல்ல. வெறகுக்குப் போனாவன்னு ஆளுவ சொன்னப்பவும் ஆமான்னு தலையாட்டுனேன்."

"அம்மா, நான் செணம் இல்லன்னுதான் சொன்னேன்" என்றான் ஷாஜன். தன் குரல் தனக்கே கேவலமாகக் கேட்டது.

"நீ சொன்னியோ சொல்லல்லியோ. போனது வருமா?" அவள் மறுபடி உட்கார்ந்து கத்தியை எடுத்தாள். "நீ ஏறிப்போவும்போ நான் அந்த வாசல்ல நிக்கணும். ஒவ்வொரு ஆழ்ச்சையும், வாரம் தவறாம, நிக்கணும். எனக்கு வய்யா மக்கா. இனி என்னால முடியாது."

அன்று மத்தியானமே வெளியே மழை கொட்டியது. இருவரும் மரச்சீனியும் கட்டன்சாயாவும் சாப்பிட்டார்கள். நீ விளித்ததால்தான் என்று அவள் சொல்லவில்லை. உன் மேல் குற்றம் இல்லை என்றும் சொல்லவில்லை. அவன் அதற்காகக் காத்திருந்தான் என்று அவளுக்குத் தெரிந்திருக்குமோ என்னவோ. மழை விட்டதும் அவன் பொட்டலத்தைப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினான்.

திங்கட்கிழமை ஆய்வகத்தில் ஜெயபாய் மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னான். போன் போட்டதையும் சொன்னான். சொல்லி முடித்தபோது அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்திருந்தார்.

"அப்ப நான்தான் உன்னை அப்படிப் பயமுறுத்தி வச்சிருக்கேன், இல்லியா?" என்றார். "ரெண்டு தடவை பாரு, ரெண்டு தடவை பாருன்னு."

"அப்பிடி இல்ல மேடம்."

"வேற மலையில நட்டுருவோமா?"

"நடலாம். ஆனா ஐப்பசி, கார்த்திகை மழையில நான் மலைக்குப் போனா, எந்த மலைக்குப் போனாலும் அம்மைக்குத் தெரிஞ்சுரும் மேடம். அவங்க அங்க ஒத்தைக்கு இருக்காங்க."

நடவில்லை. அறிக்கையில் கீரிப்பாறை அரை வருடத்தோடு நின்றது. சித்திரைக்கு முன்னமே தேங்காய்ப்பட்டணத்திலும் பிரச்சனை ஆரம்பித்தது. உறைமேல் உப்புப் படிந்து இறுகி, ஆவியும் உள்ளே போகாமல், சென்சார்கள் ஒவ்வொன்றாக ஒரே எண்ணில் உறைந்தன. குளோரி மாடிக்கு வந்து, செத்த மீனைப் பார்ப்பதுபோல அவற்றைப் பார்த்தாள். அவளுக்குச் செல்வதாஸ் இறந்த விஷயம் தெரியும். கேலி பேசவில்லை. "போட்டும்லே, நீயும் ஒன்னால ஆனதச் செய்தே" என்று சொல்லி, ஒரு பொதி நெத்திலிக் கருவாட்டை அம்மாவுக்கு என்று கொடுத்தனுப்பினாள்.

திட்டத்துக்கு அடுத்த கட்டம் கிடைக்கவில்லை. ஈரமான மலைப்பகுதியில் போதிய காலம் சோதிக்கப்படவில்லை என்பது ஒரு காரணமாக வந்தது. கடற்கரை முடிவுகள் நம்பிக்கை தரவில்லை என்பது இன்னொன்று. ஜெயபாய் மேடம் அதை ஷாஜனுக்கு வாசித்துக் காட்டிவிட்டு, "கீரிப்பாறை முழுசா இருந்தாலும் கடல் நம்மைத் தோக்கடிச்சிருக்கும். நீ மனசுல வச்சுக்காதே" என்றார். அது உண்மையா, ஆறுதலுக்குச் சொன்னதா என்று அவன் கேட்கவில்லை. 2014 பாதியில் அவன் வேலை முடிந்தது. பாட்டில்களை எல்லாம் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு வந்தான். அடுத்த வருடம் மேடமும் ஓய்வுபெற்றார்.

வேலை போனதன் காரணம் பெட்டியை எடுத்தது என்று நேசம்மாளுக்கு அவன் ஒருபோதும் சொல்லவில்லை. "திட்டக் காலம் முடிஞ்சுதும்மா" என்று மட்டும் சொன்னான். அவள் நம்பினாள். "நல்லதாப் போச்சு. வேற நல்ல வேலை வரும்" என்றாள்.

சில மாதங்கள் மறுபடி வடசேரிக் கடையில் குனிந்து உட்கார்ந்தான். அவன் பழகிய போன்கள் மாறிவிட்டிருந்தன. கடையில் இளம்பயல்கள் அவனைவிட வேகமாகப் பார்த்தார்கள். குளோரியின் தம்பி கிளீட்டஸ் கத்தாரில் இருந்தான். அவன் மூலம் ஏசி பராமரிப்பு வேலைக்கு விசா வந்தது. கிளம்பும் நாளில் நேசம்மாள் அழவில்லை. பையில் கட்டுச்சோறும் மீன்குழம்புக்கு அரப்புப்பொடியும் வைத்துக் கட்டினாள். "அங்க மழை இடி வல்லதும் உண்டா?" என்று கேட்டாள். வருடத்தில் ஒன்றிரண்டு நாள்தான் என்று கிளீட்டஸ் சொன்னதை அவன் சொன்னான். அவள் தலையை ஆட்டிக்கொண்டாள்.

தோஹாவில் கோடையில் கடற்காற்று அடிக்கும் இரவுகளில் சுவரெல்லாம் வியர்க்கும். உடன் வேலை செய்பவர்கள் சபிப்பார்கள். ஷாஜனுக்கு ஏசி மிஷின்களின் ஈரப்பதக் கருவியைப் பார்ப்பதும் வேலையில் ஒரு பகுதி. பார்ப்பான், எழுதுவான், அடுத்த மிஷினுக்குப் போவான். தான் முன்பு என்ன வேலை பார்த்தான் என்று அங்கே யாரிடமும் சொன்னதில்லை.

2017-இல் முதல் விடுமுறைக்கு வந்தான். நேசம்மாள் மெலிந்திருந்தாள். காது கொஞ்சம் மந்தமாகியிருந்தது. ஒன்றை இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. கலியாணப் பேச்சு எடுத்தாள். அவன் பிடிகொடுக்கவில்லை. அவளும் விட்டுவிட்டாள். பகலில் அவள் வேலைக்குப் போனபின் அவன் வெறும் வீட்டில் படுத்துக்கிடந்தான். ஓட்டில் விழும் ரப்பர்க் காய்களின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தான். ஒருநாள் மரியஜான் வந்து உட்கார்ந்து பழைய கதை பேசினார். "ஒனக்க அப்பன் அன்னைக்கு வெறகுக்குப் போயிருக்கண்டாம்லே" என்றார். ஷாஜன் வாயைத் திறந்தான். அடுப்படியில் அம்மா பாத்திரத்தைத் தேய்ப்பதை நிறுத்தியது கேட்டது.

"ஆமா" என்றான்.

பாத்திரம் தேய்க்கும் சத்தம் மறுபடி தொடங்கியது.

விடுமுறை முடிந்த அன்று காலையில் அவள் வேலைக்கு லீவு போடவில்லை. இருவரும் சேர்ந்தே வீட்டைப் பூட்டிக்கொண்டு இறங்கினார்கள். பஸ் நிற்கும் இடத்தில் மற்ற பெண்கள் வாளிகளோடு அவளுக்காகக் காத்திருந்தார்கள். "போயிட்டு வா மக்கா, நல்லா சாப்பிடு" என்று அவன் கன்னத்தைத் தொட்டுவிட்டு, அவள் அவர்களோடு நடந்தாள். பஸ் கிளம்பியபோது ஷாஜன் ஜன்னல் வழியாகப் பார்த்தான். தூறலுக்குப் பிளாஸ்டிக் தாளைத் தலையில் போட்டுக்கொண்டு வரிசையாகப் போன பெண்களில் எது அம்மா என்று பின்னாலிருந்து அவனுக்கு அடையாளம் தெரியவில்லை.